முக்காலியும் முதல் பந்தியும்

குரு என்றால் தாடி வேண்டும், சீடன் என்றால் மீசை அரும்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நான் வருத்தப்பட மாட்டேன். இந்தக் கதையில் குருவுக்கு நாற்பது வயது. பெயர் குழல்வாய்மொழி. ஸ்கூட்டியில் வருவார். சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது. பெயர் பூதலிங்கம். ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவர். விடுமுறை நாட்களில் வந்து ஆராய்ச்சி செய்கிறவர்.

குரு சீடரை "சார்" என்று கூப்பிடுவார். சீடர் குருவை "மேடம்" என்று கூப்பிடுவார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து எழுந்து நிற்பார்கள். யார் முதலில் உட்காருவது என்பதில் கொஞ்ச நேரம் போகும்.

குருவின் ஆசிரமம், அதாவது அவருடைய ஆய்வகம், திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில், தரைத்தளத்தில் இருந்தது. மாடியில் வைத்தால் யாராவது நடக்கும்போது கருவி நடுங்கும். அந்தக் கருவிக்குள் ஓர் ஊசி உண்டு. உலோகத்தின் மேல் தொட்டும் தொடாமலும் நகர்ந்து, அங்கே எந்த மூலக்கூறு எங்கே நிற்கிறது என்று திரையில் படம் காட்டும்.

அங்கே நடக்கிற வேலையை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு சின்னத் தகட்டில் தங்கம் பூசியிருப்பார்கள். அதை ஒரு திரவத்தில் முக்கி வைப்பார்கள். திரவத்துக்குள் மூலக்கூறுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நீளமாக ஒரு உடம்பு, அடியில் கந்தகத்தால் ஆன ஒரு கால். கந்தகம் தங்கத்தைக் கண்டால் விடாது. காலைக் கொண்டுபோய் ஊன்றிக்கொள்ளும். அப்புறம் பக்கத்தில் நிற்பதோடு தோள் சேர்ந்து, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நாற்று நட்ட மாதிரி வரிசையாக நிற்கும். யாரும் பிடித்து நிறுத்த வேண்டியதில்லை.

பூதலிங்கத்துக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. ஒற்றைக்காலில் நிற்கிறவனை எப்படி நம்புவது? அவர் எதையும் உறுதியாகச் செய்கிறவர். கொடிக்கயிற்றுக்கு முடிச்சு மேல் முடிச்சாகப் போடுவார். கதவைப் பூட்டினால் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார். வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அவருக்கு ஒரு முனை, மனைவி காந்திமதிக்கு மறுமுனை, மகள் நீலாவுக்கு நடு. நீலா உட்காரப் பழகிய நாளிலிருந்து இந்த ஏற்பாடு மாறியதில்லை.

ஆகவே அவர் மூன்று கால் உள்ள ஒரு மூலக்கூறைச் செய்தார். அதைச் செய்து முடிக்க வருஷக்கணக்கில் பாடுபட்டார். முதலில் ஒற்றைக்காலோடு ஒன்று வந்தது. அதை ஒரு குப்பியில் போட்டு, மேலே "அரைகுறை" என்று எழுதி, குளிர்பெட்டியின் மூலையில் தள்ளினார். கடைசியில் மூன்று காலும் வந்தபோது எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். ஆய்வகத்துப் பிள்ளைகள் அதற்கு முக்காலி என்று பெயர் வைத்தார்கள்.

கந்தகக் கால் உள்ள சரக்குக்கு ஒரு நாற்றம் உண்டு. சமையல் கேஸில் கசிவு தெரியட்டும் என்று கலக்கிறார்களே, அதே குடும்பத்து நாற்றம். என்ன குளித்தாலும் பூதலிங்கத்தின் மேல் அது கொஞ்சம் இருக்கும். நீலாவைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா கையில் வாங்கிய காபியை அப்படியே கீழே வைத்துவிட்டு, "கேஸ் லீக்காகுது, எல்லாரும் வெளிய வாங்க" என்று சொல்லிவிட்டார். சொந்தபந்தம் அத்தனையும் தெருவில் போய் நின்றது. பூதலிங்கமும் நின்றார். அவர் நின்ற பக்கம்தான் நாற்றம் கூடுதலாக இருந்தது.

அப்படியும் சம்பந்தம் கூடிவந்தது. நல்ல மனிதர்கள்.

தொல்லை அழைப்பிதழில் வந்தது. அச்சகத்தில், "பேருக்கு முன்னால பட்டம் எதுவும் போடணுமா சார்?" என்று கேட்டார்கள். கல்யாணம் ஆவணியில். அதற்குள் முனைவர் பட்டத்துக்கு எல்லாம் முடிந்துவிடும் என்று பூதலிங்கம் மனக்கணக்கு போட்டார். "முனைவர்னு போடுங்க" என்று வாய் சொல்லிவிட்டது. கட்டுக்கட்டாக அச்சாகி, சம்பந்தி ஊருக்குப் போய், வீடுவீடாகச் சேர்ந்தும் விட்டது.

பட்டத்துக்கு ஒரே ஒரு குறை. அவர் செய்த மூலக்கூறு ஏதாவது ஒன்று தங்கத்தின் மேல் வரிசையாக நிற்கிற படம் வேண்டும். அது மட்டும் வரவில்லை. முக்காலியை வைத்து எத்தனை தகடு போட்டாலும், திரையில் சந்தை கலைந்த இடம் மாதிரிதான் தெரிந்தது. ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க, நடுவில் பொத்தல். அவருடைய ஆராய்ச்சிப் பதிவை ஏற்கெனவே நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக இழுத்தாகிவிட்டது. செப்டம்பர் முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. அப்புறம் அழைப்பிதழில் அச்சான பட்டம் ஆயுளுக்கும் பொய்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவர் குருவின் அறைக்குப் போனார். இருவரும் எழுந்து நின்று, உட்கார்ந்தார்கள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"முக்காலி தங்கத்தை நல்லாத்தான் பிடிக்குது. கழுவிப் பாத்தேன், போகல. சூடு காட்டிப் பாத்தேன், அசையல. இன்னும் கெட்டியா இருக்கட்டும்னு கரைசலையும் கூட்டிப் போட்டேன். மத்த பிள்ளைங்க ஒத்தக்காலை வச்சுக்கிட்டு வரிசை வரிசையாப் படம் எடுக்காங்க. என்னுது மட்டும் ஏன் வரிசைக்கு வர மாட்டேங்குது?"

குழல்வாய்மொழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கல்யாணத்துல பந்தி யார் பாக்கப்போறா சார்?"

"நான்தான் மேடம். அதுல வேற யாரையும் நம்ப முடியாது."

"அப்போ அங்க வச்சுச் சொல்லுறேன்."

பூதலிங்கத்துக்குக் கோபம் வந்தது. தலை போகிற விஷயத்தைக் கேட்டால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார். குருவிடம் கோபப்படக்கூடாது என்பதால் வெளியே வந்து கதவைப் பூட்டித் தொங்கிப் பார்த்தார். உள்ளே குரு இருந்தார். மறுபடி திறந்துவிட்டார்.

பந்தியைப் பற்றி அவர் பெரிய திட்டம் வைத்திருந்தார். சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில், முதல் பந்தியில் இடம் இல்லாமல் ஒரு பெரிய மனிதர் நின்றுகொண்டே இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். தன் வீட்டில் அது நடக்கக்கூடாது. நாற்காலி ஒவ்வொன்றிலும் முதுகு சாய்கிற பக்கத்தில் ஒரு சீட்டு. சீட்டில் உட்காரப்போகிறவர் பெயர். மாப்பிள்ளை வீட்டார் இந்த வரிசை, பெண் வீட்டார் அந்த வரிசை, கல்லூரி ஆட்கள் ஓரம்.

"பந்தியில பேர் ஒட்டுறதை நான் எங்கயும் பாத்ததில்லங்க" என்றார் காந்திமதி.

"அதான் எல்லா ஊர்லயும் சண்டை வருது."

"காத்துல பறந்துட்டா?"

"பறக்காது" என்றார் பூதலிங்கம். அவரிடம் ஒரு பசை இருந்தது.

முகூர்த்தம் நன்றாக முடிந்தது. தாலி ஏறிய கையோடு கூட்டம் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கித் திரும்பியது. வாசலிலேயே பூதலிங்கம் நின்றார். "அவங்கவங்க பேர் பாத்து உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சனம் இதுவரை பந்திக்கு வந்ததும் உட்கார்ந்துதான் பழகியிருந்தது. இப்போது ஒவ்வொரு நாற்காலியின் முன்னாலும் குனிந்து படித்தது. மூக்குக்கண்ணாடியை மண்டபத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள் பக்கத்து ஆளை விட்டுப் படிக்கச் சொன்னார்கள். புருஷன் ஒரு வரிசை, பெண்டாட்டி ஒரு வரிசை, மடியில் இருக்கிற பிள்ளைக்குத் தனி நாற்காலி. அம்பாசமுத்திரத்திலிருந்து வரவேண்டிய வேன் வழியில் நின்றுவிட்டது. அந்த வேனில் இருந்தவர்களின் நாற்காலிகள் வரிசைக்கு இரண்டு மூன்றாகக் காலியாகவே கிடந்தன. அவற்றின் பின்னால் பசியோடு ஆட்கள் நின்றார்கள். உட்காரப் போனவர்களை, "அது அம்பை சித்திக்கு" என்று பூதலிங்கம் எழுப்பிவிட்டார். எல்லா இலையிலும் உப்பும் ஊறுகாயும் விழுந்திருந்தன. சாதம் வைக்கிறவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் அண்டாவோடு நின்றார்கள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியப்பா ஆறுமுகநயினார் வந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் சொல்.

"வணக்கம் டாக்டர் சம்பந்தி" என்றார் அவர். "நீங்க டாக்டர்னு பத்திரிகையில பாத்தேன். ரொம்ப சந்தோஷம். எனக்கு இந்த வலது முழங்கால்தான், மாடிப்படி ஏறினா பின்னால ஒரு பிடி பிடிக்குது."

"அது வேற டாக்டர்" என்றார் பூதலிங்கம். "உங்க பேர் அந்தத் தூண் பக்கம் இருக்கு பாருங்க. உக்காருங்க."

ஆறுமுகநயினார் தூணைப் பார்த்தார். பிறகு நடு வரிசையின் முனையைப் பார்த்தார். அங்கே அவருடைய மச்சினர் உட்கார்ந்திருந்தார்.

"நான் மச்சினன் பக்கத்துலதான் உக்காருவேன். அவனுக்குக் காது கேக்காது. நான் சொன்னாத்தான் ரசம் வேணும் வேண்டாம்னு சொல்லுவான்."

"அந்த இடத்துல வேற ஆள் பேர் இருக்கே. உங்க பேர் தூண் பக்கம்லா ஒட்டியிருக்கு."

"பேர்தானே? அதுவே உக்காந்து சாப்பிடட்டும்."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்க்கத் திரும்பினார். முழங்கால் வலி கொஞ்சமும் தெரியவில்லை.

பெண் வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா சாப்பிடாமல் போனால், அதைப் பேத்தி கல்யாணம் வரைக்கும் பேசுவார்கள். சம்பந்தி அம்மாளின் முகம் மாறிவிட்டது. மணமேடையிலிருந்து வந்து நின்ற நீலா அப்பாவைப் பார்த்தாள். பூதலிங்கம் ஓடிப்போய்த் தூண் பக்கத்து நாற்காலியிலிருந்து சீட்டைப் பிய்க்கப் பார்த்தார். அவர் பசை, வரவில்லை. நகத்தால் சுரண்டினார். அப்படியும் "ஆறுமுக" மட்டும் வந்தது.

கல்லூரி ஆட்களின் ஓரத்திலிருந்து குழல்வாய்மொழி எழுந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நடு வரிசையின் மறு முனைக்குப் போனார். அங்கே வேனில் வர வேண்டிய யாருக்கோ ஒதுக்கிய நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு அடுத்து உட்கார்ந்திருந்த அம்மாளின் தோளைத் தொட்டார்.

"அக்கா, ஒரு இடம் இந்தப் பக்கம் நகர்ந்துக்கிடுதீங்களா?"

"இதுல அம்பை சித்தின்னு போட்டிருக்கே."

"அவங்க வந்தா அவங்களும் நகருவாங்க."

அந்த அம்மாள் நகர்ந்தார். அவர் விட்ட இடத்துக்குப் பக்கத்து ஆள் நகர்ந்தார். அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர். இன்னும் யாரும் இலையில் கை வைக்கவில்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுந்து, ஒரு இடம் தள்ளி, உட்கார்ந்து. ஒரு இடம் தள்ளி, உட்கார்ந்து. காலி நாற்காலி அந்த முனையிலிருந்து புறப்பட்டு வரிசை நெடுக நடந்து வந்து, காது கேட்காத மச்சினருக்குப் பக்கத்தில் நின்றது.

"ஐயா" என்று கூப்பிட்டார் குழல்வாய்மொழி. "இங்க ஒரு இலை காலியா இருக்கு."

ஆறுமுகநயினார் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். இலையைப் பார்த்தார். மச்சினரைப் பார்த்தார். மச்சினர், "என்னவாம்?" என்று சத்தமாகக் கேட்டார்.

"சொல்லுதேன் இரு" என்று பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

அதைப் பார்த்த பிறகு மற்ற வரிசைகளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பெண்டாட்டி பக்கத்துக்குப் புருஷன் வந்தான். புருஷன் பக்கத்திலிருந்து சில பெண்டாட்டிகள் அக்கா தங்கச்சி பக்கத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் மடிக்கு ஏறின. கொஞ்ச நேரம் ஒரே தள்ளுமுள்ளு. அப்புறம் பார்த்தால் ஒரு பொத்தல் இல்லை. முழங்கையும் முழங்கையும் உரசாத அளவுக்கு எல்லோரும் ஒரே நேராக உட்கார்ந்திருந்தார்கள். அண்டா ஒரு முனையில் தொடங்கி மறு முனைக்குப் போனது. பூதலிங்கம் யாரையும் எங்கேயும் உட்கார வைக்கவில்லை. கையில் "ஆறுமுக"வை வைத்துக்கொண்டு நின்றார்.

சாப்பிட்டு எழுந்தபோது ஒரு சங்கடம். மழைக்காற்றில் பல சீட்டுகளில் பசை ஓரத்தில் கசிந்து, முழுக்கக் காயாமல் இருந்திருக்கிறது. பல பேர் பட்டுச் சட்டை முதுகில் யாராரோ பெயர் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆறுமுகநயினார் சாயங்காலம் வரைக்கும் "பூங்கோதை அத்தை" என்று முதுகில் சுமந்துகொண்டு மண்டபத்தைச் சுற்றினார். சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

கடைசிப் பந்தியில் பூதலிங்கம் உட்கார்ந்தார். குழல்வாய்மொழி விடைபெற்றுப் போக வந்தவர், பாயசக் கோப்பையோடு எதிரே நின்றார். பூதலிங்கம் எழுந்திருக்கப் பார்த்தார்.

"சாப்பிடுங்க சார்."

"மேடம், பெரிய மானத்தைக் காப்பாத்தினீங்க. ஆனா அன்னைக்கு நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல."

"எது சார்?"

"முக்காலி ஏன் வரிசைக்கு வரலன்னு."

"சீட்டை எதை வச்சு ஒட்டினீங்க?"

"நல்ல பசைதான் மேடம். ஒருதடவை பிடிச்சா விடாது. பிய்ச்சு இடம் மாத்தணும்னாக்கூட..."

அதோடு நிறுத்திக்கொண்டார். அப்பளத்தைக் கையில் எடுத்தவர் அதை நொறுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். குழல்வாய்மொழி பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் நீலா காரில் ஏறினாள். பூதலிங்கம் ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழக்கூடாது என்று இருந்தவர் அழுதார். எல்லோரும் காத்திருந்தார்கள். டிரைவர் ஹாரன் அடிக்கலாமா வேண்டாமா என்று பார்த்தார்.

"அப்பா" என்றாள் நீலா மெதுவாக. "விட்டாத்தான்ப்பா கார் கிளம்பும்."

திங்கட்கிழமை கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு அவர் ஆய்வகத்துக்கு வந்ததும் குளிர்பெட்டியைத் திறந்தார். மூலையில் அந்த ஒற்றைக்கால் "அரைகுறை" இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து, இந்த முறை நன்றாக நீர்க்கக் கரைத்தார். கரைசலை இளஞ்சூட்டில் வைத்தார். தங்கத் தகட்டை உள்ளே விட்டார். மூடியை இறுக்கித் திருகப் போனவர், கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஊசி நகர்ந்து திரையில் படம் வர வர, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பின்னால் கூடினார்கள். வரிசை. அதற்குப் பக்கத்தில் வரிசை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நெருக்கமாக, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். ஒரு பையன் கைதட்டினான். கருவி நடுங்கிவிடும் என்று மற்றவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். செப்டம்பர் முடிய இன்னும் நாள் இருந்தது. அழைப்பிதழ் பொய்யாகாது.

குழல்வாய்மொழி வந்து பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு சார்" என்றார்.

பூதலிங்கம் மட்டும் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனார்.

"மேடம், இங்க பாருங்க. நடுவுல ஒரு இடம் காலியா இருக்கு."

"ஆமா."

"இன்னும் கொஞ்சம் ஊத்தி அதை அடைச்சுரட்டா?"

"உறுத்துதா?"

"பாக்கப் பாக்க ஒரு மாதிரி இருக்கு." அவர் குரல் இறங்கியது. "வீட்டுலயும் இதே கதைதான் மேடம். சாப்பாட்டு மேசையில நீலா நாற்காலி காலியாக் கிடக்கு. காந்திமதி அந்தப் பக்கமே பாக்க மாட்டேங்கா. அவ அந்த முனையில உக்காந்து சாப்பிடுதா, நான் இந்த முனையில. ரெண்டு பேரும் பேசிக்கிடுறதே இல்ல. சோறு இறங்க மாட்டேங்குது."

குழல்வாய்மொழி திரையில் அந்தக் காலி இடத்தின் மேல் விரலை வைத்தார்.

"நகர்ந்து உக்காருங்க சார்" என்றார். "அதுக்குத்தானே இடம் காலியா இருக்கு."